உப்பளம் 07

படங்களுக்கு ஓர் இணையதளம், எழுத்துக்கு ஓர் இணையதளம் என்று இரண்டு இடங்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. தை மாத முகூர்த்தங்கள் முடியட்டும், ஆல்பங்கள் பிரிண்டுக்குப் போகட்டும், ஆடியில் ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் அது தள்ளிப்போனது. எந்தச் சேவையில் வார்ப்புருக்கள் (ஆயத்தப் பக்க அமைப்புகள்) அழகாக இருக்கின்றன, எதில் ஆண்டுக் கட்டணம் குறைவு என்று அவ்வப்போது பார்த்துவைப்பதோடு சரி. அந்தத் தேடலில் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளே சரியில்லை என்பது 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியால்தான் எனக்குத் தெரிந்தது.

தூத்துக்குடியில் கல்யாணப் படங்கள் எடுப்பது என் தொழில். 2017 முதல், முகூர்த்தம் இல்லாத நாள்களில், ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களுக்கு விடியற்காலையில் போய்ப் படம் எடுத்துவருகிறேன். உப்பளத்தில் படமெடுப்பவன் முதலில் கற்றுக்கொள்வது, கேமராவின் ஒளி அளவீட்டை அப்படியே நம்பக் கூடாது என்பதைத்தான். உப்புக் குவியலின் வெண்மையைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டுக் கேமரா படத்தைச் சாம்பலாக்கிவிடும். ஒளி அளவை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (படி) கூட்டி எடுத்தால்தான் உப்பு வெள்ளையாக வரும். அடுத்ததாகக் கற்றுக்கொள்வது, அந்த வெளிச்சத்துக்குள் நாள்தோறும் நிற்பவர்களின் கண்களைப் பற்றி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருட்டிலேயே பாத்திக்குள் இறங்குகிறார்கள்; அப்படியும் எட்டு மணிக்குமேல் உப்பிலிருந்து திரும்பிவரும் ஒளி கண்ணைக் குத்துகிறது. பல ஆண்டுகள் உப்பு வாரியவர்கள் நிழலில் உட்கார்ந்து பேசும்போதும் கண்ணை இடுக்கிக்கொண்டேதான் பேசுகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் பலரை முகம் தெரியும்படி எடுத்திருந்தேன். எடுத்த அன்றே பெயர், ஊர், எத்தனை ஆண்டாக இந்த வேலை என்பதையெல்லாம் டைரியில் குறித்துவைக்கும் வழக்கமும் இருந்தது.

அந்தப் படங்களில் இருபத்துநான்கைத் தேர்ந்தெடுத்து 2019இல் ஒரு வெளிநாட்டுச் சேவையில் கட்டணம் கட்டிப் போர்ட்ஃபோலியோ தளம் ஒன்றை அமைத்தேன். தூய வெள்ளைப் பக்கம், திரை நிறையப் படம், சொற்கள் ஏதுமில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பத்திரிகைகளின் பட ஆசிரியர்களுக்கு அனுப்புவதற்கு அது நன்றாகவே பயன்பட்டது. எழுத்தெல்லாம் 2014இல் தொடங்கிய பிளாகர் வலைப்பதிவில் இருந்தது. அங்கே படம் எடுத்த அனுபவம், மனிதர்கள், அவர்கள் சொன்னவை என்று நீளமாக எழுதுவேன். போர்ட்ஃபோலியோவில் வைத்த படங்களைப் பதிவுகளில் போட்டால் அவற்றின் புதுமை போய்விடும் என்று நினைத்து, பதிவுகளுக்கு வேறு படங்களைத்தான் பயன்படுத்துவேன். அந்த வழக்கம் அப்போது எனக்குத் தொழில் ஒழுங்காகத் தெரிந்தது.

செய்தி அனுப்பியவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் இளம்பெண். யாரோ பகிர்ந்த இணைப்பின் வழியாக என் போர்ட்ஃபோலியோவுக்கு வந்திருக்கிறார். “அண்ணே, உப்பளம் 07ன்னு போட்டிருக்கிற படத்துல இருக்கிறது எங்கம்மா. அவங்களுக்குப் பேரு இருக்கு. நீங்க கேட்டு எழுதிக்கிட்டுப் போனதா அம்மா சொன்னாங்களே” என்று எழுதியிருந்தார். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டு எழுதிக்கொண்டு போன பெயர் எங்கே போயிற்று என்று விசாரிக்கிற தொனிதான் இருந்தது. எனக்குச் சட்டென்று ஓர் ஆறுதலும் வந்தது. ஏனென்றால் அவருடைய அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதியிருந்தேன். பெயர், ஊர், பதினைந்து வயதில் அளத்துக்கு வந்தது, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களை எப்படிக் கடக்கிறார் என்பது எல்லாம் அதில் இருந்தன. உடனே அந்தப் பதிவின் இணைப்பை அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “படிச்சேன் அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல அம்மா படம் இல்லையே.”

இல்லைதான். பதிவின் மேலே இருந்தது, ஆளில்லாத பாத்திகள் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும் ஓர் அகலப் படம். அம்மாவின் முகம் ஒரு தளத்தில் எண்ணோடு இருந்தது. பெயர் இன்னொரு தளத்தில் முகமில்லாமல் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு சுட்டிகூட இல்லை. அன்றிரவு இரண்டு பக்கங்களையும் திரையில் அக்கம்பக்கமாகத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அது அவருடைய படத்தின் கீழே இருக்க வேண்டிய பெயர். படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இன்னோரிடத்தில் எழுதுகிற வேலையை மறுபடியும் செய்ய எனக்கு மனமில்லை.

பெயர் எந்த இடத்தில் கழன்றது

வேண்டுமென்று நான் பெயரை நீக்கவில்லை. அது எப்படிக் காணாமற்போனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோதுதான் ஒரு தளத்தின் அமைப்பு என்னென்ன முடிவுகளை நமக்குப் பதிலாக எடுத்துவிடுகிறது என்பது புரிந்தது. படங்களைத் திருத்தவும் அடுக்கிவைக்கவும் நான் பயன்படுத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதும் கட்டம் இருக்கிறது. அதில் எழுதுவது படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பத்திரிகை நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஐபிடிசி என்னும் முறை அது. படம் எங்கே போனாலும் யார், எங்கே, எப்போது என்பது கூடவே போக வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. அந்தக் கட்டத்தில் நான் அம்மாவின் பெயரை எழுதித்தான் இருந்தேன். படத்தைத் தளத்தில் ஏற்றியபோது அந்தச் சேவை அதைச் சிறிதாக்கியது. சிறிதாக்கும்போது கோப்புக்குள் இருந்த குறிப்புகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. தலைப்புக்கு நான் எதுவும் எழுதாததால் தொகுப்பின் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து அதுவே ஒரு தலைப்பை வைத்துக்கொண்டது. ‘உப்பளம் 07’ அப்படிப் பிறந்ததுதான்.

அந்த வார்ப்புருவில் படக்குறிப்புக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மவுஸ் சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோனால் குறிப்பு மெல்ல மேலெழுந்து தெரியும் ஏற்பாடு இருந்தது. என் மேசைக் கணினியில் அதைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. கைபேசியில் சுட்டி கிடையாது. விரலால் தொட்டால் படம் கறுப்புத் திரையில் பெரிதாக விரியும். அங்கே குறிப்பு வராது. உப்பளத்தில் வேலை செய்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என் தளத்துக்கு வந்தால் கைபேசி வழியாகத்தான் வருவார்கள். ஆக, குறிப்பு எழுதியிருந்தாலும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

இதைப் பற்றி எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்தும் மூத்தவர் ஒருவரிடம் பேசினேன். நான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். “தம்பி, படம்தான் பேசணும். நீ பக்கத்துல நின்னு பேசுனா படம் வாயை மூடிக்கிடும்” என்றார். அவர் வாழ்நாளெல்லாம் நம்பிக் கடைப்பிடித்த கொள்கை அது; அவருடைய படங்கள் அதற்குத் தகுதியானவையும்கூட. ஒளியும் அமைப்பும் முகமும் போதாத படத்தை எழுத்தால் தூக்கி நிறுத்த முடியாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. “சரி அண்ணாச்சி, ஆனா பேரு பேச்சு இல்லையே, அது அவங்களோடது தானே” என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த, எண்பதுகளில் எடுத்த துறைமுகத் தொழிலாளி ஒருவரின் கறுப்புவெள்ளைப் படத்தைக் காட்டி, “இவரு பேரு எனக்கு மறந்துபோச்சுப்பா” என்றார்.

ஒளிப்பட வரலாற்றைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரத்தியா லாங்கே நினைவுக்கு வருவார். 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்து வேலையற்றுக் கிடந்த கூலிகளின் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் அவர் எடுத்த படம் உலகமெங்கும் போயிற்று. முப்பத்திரண்டு வயது, ஏழு குழந்தைகளின் தாய் என்பதெல்லாம் குறிப்பில் இருந்தன. பெயர் இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது 1978இல், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. படமெடுத்தவர் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று தாம்சன் அப்போது வருத்தத்தோடு சொன்னார். லாங்கே அன்று பெயரைக் கேட்காமல் போனார். நான் கேட்டிருந்தேன், எழுதியும் வைத்திருந்தேன். பிறகும் அது பார்ப்பவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நடுவில் இருந்த ஏற்பாட்டை மாற்றுவதுதான் நான் செய்யக்கூடியது.

ஒரே ஒரு கேள்வியோடு தேடியது

அதன் பிறகு நான் எந்தச் சேவையைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: படத்தைப் பார்ப்பவர், வேறெதையும் தேடாமல், அது யாருடையது, அதன் பின்னே என்ன இருக்கிறது என்பதற்குப் போய்ச் சேர முடியுமா? இந்தக் கேள்வியை வைத்ததும் பட்டியல் மளமளவென்று சுருங்கியது. அடோபி போர்ட்ஃபோலியோ, லைட்ரூமுக்கு நான் ஏற்கெனவே கட்டும் சந்தாவிலேயே கிடைப்பது. பக்கங்கள் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதில் வலைப்பதிவு வசதி கிடையாது. ஸ்மக்மக், படங்களைப் பாதுகாத்து வைப்பதற்கும் பிரிண்ட் விற்பதற்கும் உகந்தது. தொடர்ந்து நீளமாக எழுதுகிறவனுக்கான இடம் அதுவல்ல. ஸ்குவேர்ஸ்பேஸில் போர்ட்ஃபோலியோ, பதிவு இரண்டும் உண்டு, தோற்றமும் மனத்தை இழுக்கும். அங்கிருந்து வெளியேற வேண்டிய நாளில் எல்லா வகைப் பக்கங்களும் நம்மோடு கிளம்பி வருவதில்லை என்பது அதன் ஏற்றுமதி விளக்கத்தைப் படித்தபோது தெரிந்தது. கோஸ்ட் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறவர்கள் செய்த கருவி என்ற உணர்வு அதில் உண்டு, லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. அதை என் சர்வரில் நானே வைத்துப் பராமரிக்கும் அளவுக்குத் தொழில்நுட்ப அறிவு எனக்கில்லை. ஹூகோ போன்ற கருவியால் வெறும் கோப்புகளாகவே தளத்தைக் கட்டலாம் என்று ஒரு நண்பர் செய்தும் காட்டினார். கல்யாண வீட்டிலிருந்து நள்ளிரவில் வந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஒரு பதிவை ஏற்றும் பொறுமை எனக்கு வராது என்று தெரிந்ததால் அதையும் விட்டேன்.

இன்ஸ்டாகிராம் இருக்கும்போது தளம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. என் கல்யாண ஆர்டர்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2015 ஆகஸ்ட் வரை எந்தப் படத்தையும் அங்கே சதுரமாகத்தான் போட முடிந்தது. 2025 தொடக்கத்தில் பக்கத்தின் கட்டங்களே நீள்சதுரமாக மாறி, சதுரத்தை மனத்தில் வைத்து அடுக்கியவர்களின் வரிசையெல்லாம் குலைந்தது. படத்தின் விளிம்பை எங்கே வைப்பது என்பது ஒளிப்படக்காரன் எடுக்கும் முதல் முடிவு. அதை வேறொருவர் அவ்வப்போது மாற்றலாம் என்ற இடத்தில் என் உப்பளப் படங்களைக் குடிவைக்க விருப்பமில்லை. இலவச இடங்களின் கதையும் நாம் பார்த்ததுதான். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, பிகாசா வலை ஆல்பங்கள் 2016இல் போயின. 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்று வாரிக்கொடுத்த ஃப்ளிக்கர், 2018இல் ஸ்மக்மக்கின் கைக்கு மாறிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படங்கள் என்று வரம்பு கட்டியது. நடத்துகிறவர்களுக்கு அவரவர் செலவும் நியாயமும் இருக்கின்றன. பெயரைப் பத்திரப்படுத்துகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்தவன் அந்த நியாயங்களை நம்பி இருக்க முடியாது.

முடிவில் சொந்த இணைய முகவரி ஒன்றை என் பெயரில், என் மின்னஞ்சலில் பதிவு செய்து, வாடகை சர்வரில் வேர்ட்பிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளை நிறுவினேன். முகவரியை யார் பெயரில் பதிவு செய்வது என்பதில் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவுக்குத் தளம் செய்து கொடுத்தவர் முகவரியைத் தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். அவர் தொழிலை விட்டுப்போய்க் கைபேசி எண்ணும் மாறிய பிறகு, புதுப்பிக்க வழியில்லாமல் பத்தாண்டு முகவரி கைவிட்டுப்போயிற்று. சர்வரை மாற்றலாம், கருவியை மாற்றலாம்; முகவரி மட்டும் நம் கையில் இருந்தால் பழைய சுட்டிகள் எல்லாம் வீடு வந்து சேரும்.

வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்தேன். குறிப்பு பதிந்த ஒரு படத்தை ஏற்றினால் அந்தக் குறிப்பைத் தானே படித்துப் படக்குறிப்புக் கட்டத்தில் நிரப்புகிறதா என்பது முதலாவது. நிரப்பியது, லைட்ரூமில் நான் தமிழில் எழுதிய பெயர் எழுத்துப் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. சிறிதாக்கிய படத்தைத் திரும்ப இறக்கிப் பார்த்தால் உள்ளே குறிப்பு இருக்கிறதா என்பது இரண்டாவது. இங்கே ஒரு சிக்கல் இருந்தது. படத்தைச் சிறிதாக்க அது இரண்டு கருவிகளில் ஒன்றைப் பயன்படுத்துகிறது. சர்வரில் இமேஜ்மேஜிக் இருந்தால் குறிப்பும் நிறத் தகவலும் தப்பிப் பிழைக்கின்றன. ஜிடி என்ற கருவி மட்டும் இருந்தால் இரண்டும் போய்விடுகின்றன. நான் முதலில் பார்த்த சர்வரில் ஜிடி மட்டுமே இருந்தது. இணையத்தில் வாடகைக்கு இடம் பிடிப்பவர்கள் எத்தனை ஜிபி என்று கேட்பார்கள். நான் இமேஜ்மேஜிக் உண்டா என்று கேட்டுப் பிடித்தேன்.

ஒவ்வொரு படத்துக்கும் தனிப்பக்கம் வேண்டும் என்பதும் என் கணக்கில் இருந்தது. வேர்ட்பிரஸில் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே ஒரு பக்கம் உருவாகும் என்பது பழைய பயனர்களுக்குத் தெரியும். 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் தளங்களில் அந்தப் பக்கங்கள் அணைக்கப்பட்டே வருகின்றன. பெரும்பாலோருக்கு அவை வெறும் படம் மட்டும் உள்ள வெற்றுப் பக்கங்களாக இருந்தன என்பதால் அது சரியான முடிவாகவே இருக்கலாம். நான் 2024 தொடக்கத்தில் நிறுவியதால் எனக்கு அது கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் அதுவும் நல்லதாகப் போயிற்று. படத்தையே ஒரு பதிவாக்கிவிட்டேன். முகப்பில் படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும், தொடாமலே தெரியும்படி, பெயரும் ஊரும் ஆண்டும். தொட்டால் பெரிய படமும் அதன் கீழே எழுத்தும். சிலருக்கு எழுத்து மூன்றே வரி, சிலருக்கு மூன்று பக்கம். போர்ட்ஃபோலியோ என்றும் வலைப்பதிவு என்றும் தனித்தனி வாசல்கள் என் தளத்தில் இப்போது இல்லை.

எழுத்தும் வெள்ளையும்

ஆங்கிலத்தில் எழுதும் ஒளிப்படக்காரர்களுக்கு வராத தொல்லைகள் சில நமக்கு வருகின்றன. ஒளிப்படக்காரர்களுக்கென்று விற்கப்படும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை அகட்டி வைப்பது அவற்றில் ஓர் அலங்காரம். தமிழில் அதனால் ஒரு சொல்லே பல துண்டுகளாகத் தெரிகிறது. வரிக்கும் வரிக்கும் இடையே நெருக்கம் கூடுதலாக இருக்கும். தலைப்பில் ‘தூத்துக்குடி’ என்று எழுதினால் ‘தூ’வின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் தலையில் இடிக்கிறது. படக்குறிப்பைச் சாய்வெழுத்தில் காட்டுவது இன்னொரு வழக்கம். தமிழ் எழுத்துருவை உலாவி தானாகவே சாய்க்கும்போது அது காற்றில் சாய்ந்த வேலிபோல இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் மூன்றையும் போட்டுப் பார்த்து, கைபேசியில் சின்ன அளவிலும் புள்ளி தெளிவாகத் தெரிவது எது என்று என் அம்மாவிடமும் மனைவியிடமும் காட்டிக் கேட்டு, இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

பக்க முகவரியில் வந்த இடைஞ்சலை நான் எதிர்பார்க்கவில்லை. வேர்ட்பிரஸ் பதிவின் தலைப்பையே முகவரியாக்கும். அதற்கு 200 குறிகள்வரை இடமுண்டு. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரிகிறது. உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘தூத்துக்குடி உப்பளப் பெண்கள்’ என்று தலைப்பிட்டேன். முகவரி ‘தூத்துக்குடி-உப்பளப்-பெண’ என்று நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகு எல்லாப் பதிவுகளுக்கும் சுருக்கமான முகவரியை ஆங்கில எழுத்தில் நானே தட்டச்சு செய்கிறேன். தமிழிலேயே வைத்திருக்க ஆசைதான். அரைகுறையாக அறுந்து நிற்பதைக் காட்டிலும் இது மேல்.

உப்புப் படங்களை வெள்ளைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதையும் இந்த மாற்றத்தின்போதுதான் கண்டுகொண்டேன். பழைய தளத்தின் தூய வெள்ளையில், உப்புக் குவியல் விளிம்புவரை வரும் படங்களுக்கு எல்லையே தெரியாமல், பாதிப் படம் பக்கத்தோடு கரைந்துபோயிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அதை நான் கவனிக்கவில்லை. இப்போது பின்னணி மிக இளம் சாம்பல். அதன்மேல் வைத்ததும் உப்பு தானாகவே வெண்மை பெற்றது. படங்களை நீளமான விளிம்பு 2048 பிக்சல்களாகச் சுருக்கி, இணையத்தில் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏற்றுகிறேன். கேமராவிலிருந்து வந்த பத்து எம்பி கோப்பை அப்படியே ஏற்றி, சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவரைச் சுழலும் வட்டத்தைப் பார்க்கவைப்பதும் பெயரை மறைப்பதற்குச் சமம்தான்.

கல்யாணப் படங்களை அதே தளத்தில், தனிப் பிரிவாக வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் ஒரு முறை ஏற்பட்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச்சொன்ன ஒளிப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச்சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. இது தெரியாமல் எத்தனையோ பேருடைய படங்களை விளம்பரமாகப் போட்டிருக்கிறேன். இப்போது ஆர்டர் எடுக்கும்போதே ஒரு தாளில், எந்தப் படங்களைத் தளத்தில் வைக்கலாம், பெயர் போடலாமா, வேண்டாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறேன். காசு கொடுப்பவரிடம் இவ்வளவு கேட்கிறவன், ஒன்றும் வாங்காமல் வெயிலில் நின்று முகம் காட்டியவரிடம் அதைவிடக் குறைவாகக் கேட்கக் கூடாது என்ற நினைப்பும் அந்தத் தாளிலிருந்துதான் வந்தது.

டைரியை எடுத்துக்கொண்டு போனது

பிளாகரிலிருந்து பதிவுகளும் பின்னூட்டங்களும் சேதமில்லாமல் வந்தன. படங்கள் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தன; ஒவ்வொன்றையும் மூலக்கோப்பிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றினேன். அப்போதுதான் உண்மையான குறை வெளிப்பட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் எழுதக் கட்டம் வந்துவிட்ட பிறகு, இருபத்துநான்கு படங்களில் ஒன்பதுக்கு என்னிடம் பெயர் இல்லை. டைரியில் சில பக்கங்கள் வியர்வையில் ஊறி அழிந்திருந்தன. சில நாள்களில் தேதியும் இடமும் மட்டும் இருந்தன, யாருடனும் பேசியதற்கு அடையாளமே இல்லை. பழைய தளத்தில் எல்லாருக்கும் எண் இருந்ததால் இந்த வித்தியாசம் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒன்பது படங்களையும் தளத்தில் ஏற்றாமல் நிறுத்திவைத்தேன். அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து எடுத்துக்கொண்டு 2024 மார்ச்சில் அளங்களுக்குப் போனேன். ஓர் அளத்தில் காட்டினால், இது இன்னாருடைய கொழுந்தியாள், இப்போது வேறு பக்கம் வேலைக்குப் போகிறாள் என்று வழி சொன்னார்கள். இரண்டு மாதத்தில் ஏழு பேரைக் கண்டுபிடித்தேன். ஒருவர் தன் படத்தைத் தளத்தில் வைக்க வேண்டாம் என்றார். பிரிண்டை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, கோப்பைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வயதில் மூத்த ஓர் அம்மா, நான் டைரியில் பெயரை எழுதும்போது எட்டிப் பார்த்து, “தம்பி, இனிஷியலோட போடுய்யா. ரேஷன் கார்டுல இருக்கிற மாதிரியே எழுது” என்றார். அட்டையை எடுத்துவரச் செய்து, அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அவர் அம்மாவின் புதிய பக்கத்தை அனுப்பியபோது, அவர் அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்திருந்தார். முகமும் கீழே இருந்த பெயரும் சேர்ந்து தெரியும்படி வெட்டியிருந்தார்.

இரண்டு படங்கள் இன்னும் உறையிலேயே இருக்கின்றன. ஒன்றில் இருப்பவர் தலையில் முண்டாசு கட்டி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருப்பதால் முகம் பாதிதான் தெரிகிறது. உள்ளூர்க்காரரா, வெளியூரிலிருந்து வந்தவரா என்று அளத்தில் இருந்தவர்களுக்கே சந்தேகம். இன்னொன்றில் இருப்பவரைப் பார்த்ததும் தெரியும் என்று நான்கு பேர் நான்கு பெயர்களைச் சொன்னார்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தி சரிசெய்ய எல்லாரும் திரும்பி வருவார்கள். உறையைக் கேமராப் பையின் முன்னறையில் வைத்திருக்கிறேன்.